வேலியில இருந்த ஆடாதோடை

இருமலு வந்துட்டா எனக்குப் பேச்சு நின்னு போயிடும். இருமி முடிச்சிட்டு விட்ட எடத்துலருந்து மறுபடியும் ஆரம்பிப்பேன். கேக்கறவங்களுக்கு அலுப்பா இருக்கும், எனக்கும் அலுப்பாத்தான் இருக்குது. நெஞ்சுல சளிய வெச்சிக்கிட்டு ஒக்காந்தா ஒரு அசதி, படுத்தா ஒரு அசதி. இந்த வயசுல வேற என்ன வேலன்னு கேட்டா, இதான் வேல.

போன வாரம் மருமக என்ன கவர்மெண்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போச்சி. சளிய எடுத்துப் பாத்தாங்க, பெரிய நோவு ஒன்னும் இல்லன்னுட்டாங்க. டாக்டரு ஒரு சின்னப் பொண்ணு. பொறுமையா பேசுச்சி. நான் கேட்டேன், ஏம்மா, ஆடாதோடை எலைய காச்சிக் குடிக்கலாமான்னு. அது சிரிக்கல. "அந்த எலையில சளிய எளக்கற சத்து ஒன்னு இருக்குதுங்க தாத்தா. அத வெச்சித்தான் கடையில விக்கற ஒரு மருந்தயே கண்டுபுடிச்சாங்க. ஆனா எலைய காச்சிக் குடிச்சி இத்தன பேருக்கு நல்லாச்சின்னு ஒழுங்கா பாத்து சொன்னவங்க கம்மி. சாதாரண இருமலு பாதி தானாவே போயிடும். போனப்பறம் அது எதால போச்சின்னு எப்படி சொல்றது?" அப்படின்னுச்சி.

நான் எந்திரிச்சி வந்துட்டேன். பஸ்ஸுல வரும்போது அந்த கேள்விதான் ஓடிக்கிட்டே இருந்துச்சி. எதால போச்சின்னு எப்படி சொல்றது. எங்க வூட்டுல ஒரு காலத்துல இதே கேள்விக்கு ஒரு பஞ்சாயமே நடந்துது. அதுல இருமுனவன் நான்தான்.

அறுவதுகள்ல நடந்தது. ஏரியூருக்குப் பக்கத்துல மானாவாரிக் காடு எங்களுது. ஊருக்கு கரண்டு வரல. எனக்கு பள்ளிக்கூடம் போற வயசு, ஆனா போவல. எங்க வூட்டுல யாரும் போவல, அதனால அது ஒரு கொறயா தெரியல. ஒரே வூட்டுல பெரியப்பா குடும்பமும் நாங்களும். பெரியப்பா எங்கப்பாவுக்கு அண்ணன். வூட்டுல அவரு வெச்சதுதான் சட்டம். எங்கப்பா அவரு முன்னாடி துண்ட தோள்ல போட்டுக்கிட்டு நின்னு நான் பாத்ததில்ல, இடுப்புல கட்டிக்குவாரு இல்லன்னா கையில வெச்சிக்குவாரு.

ஐப்பசி கார்த்தியில மழ புடிச்சா எனக்கு இருமலும் புடிச்சிக்கும். வரட்டு இருமலு இல்ல. சளி கட்டி, உள்ள களி கொதிக்கற மாதிரி கொதக் கொதக்குன்னு சத்தம் வரும். ஈர வெறக வெச்சி எரிப்பாங்க, வூடு பூரா பொக. அந்த பொகையிலதான் நாங்க எல்லாரும் படுத்துக் கெடப்போம். பொகைக்கும் இருமலுக்கும் சம்பந்தம் இருக்கும்னு அப்ப யாரும் சொல்லல. குளிரு ஏறிடுச்சிம்பாங்க, எளநீ குடிச்சிருப்பான்பாங்க. எளநீய நான் கண்ணுல பாத்தே ரொம்ப காலம் ஆயிருக்கும்.

மருந்துக்கு மட்டும் பஞ்சமே இல்ல. பெரியம்மா தூதுவள ரசம் வெப்பாங்க, அந்த முள்ள பறிக்கும்போது கையில கீறிக்கிட்டு எனக்கு ரெண்டு திட்டும் சேத்து குடுப்பாங்க. பக்கத்து வூட்டம்மா கற்பூரவள்ளி எலைய தீயில வாட்டி சாறு புழிஞ்சி எடுத்துக்கிட்டு வருவாங்க. தொளசி, மொளகும் வெல்லமும், சுக்குத்தண்ணி. சட்ட தைக்கறவரு ஒருத்தரு சின்ன வெங்காயத்த நசுக்கி அந்தச் சாற குடிக்கச் சொல்லிட்டுப் போனாரு. ஆளுக்கு ஒரு மருந்து, மருந்துக்கு ஒரு சாட்சி. "எங்க மச்சான் பையனுக்கு இதான் கேட்டுச்சி." "எங்க ஓர்ப்படியா தங்கச்சிக்கு இதுலதான் போச்சி." அந்த மச்சான் பையனோ ஓர்ப்படியா தங்கச்சியோ எங்கூர்ல இருந்ததே கெடையாது. சாட்சி எப்பவும் வெளியூருதான்.

எங்கம்மா இதுங்கள எல்லாம் வேண்டாம்னு சொல்ல மாட்டா. எல்லாத்தயும் வாங்கி எனக்கு ஊத்துவா. ரெண்டு மூனு நாளு பாத்துட்டு, பெரியம்மாகிட்ட சொல்லுவா. பெரியப்பா காதுல வுழற மாதிரிதான் சொல்லுவா, ஆனா அவருகிட்ட நேரா பேச மாட்டா. "அக்கா, இவனுக்கு எங்கப்பா வூட்டு எலதான் கேக்கும் போலருக்குது."

இந்த ஒரு பேச்சுக்கு பின்னாடி ஒரு சண்ட இருக்குது. அத சொல்லிடறேன்.

எங்கம்மா பொறந்தது கடத்தூருப் பக்கம். எங்கப்பாவுக்கு அவள கட்டும்போதே, எங்க அத்தைய, அதாவது எங்கப்பா தங்கச்சிய, எங்கம்மாவோட தம்பிக்கு குடுக்கறதுன்னு பேச்சி. பொண்ணு குடுத்து பொண்ணு எடுக்கறது. பொறவு அந்த மாமா வேற எடத்துல பொண்ணு கட்டிக்கிட்டாரு. எங்க அத்தைக்கும் நல்ல எடமா வந்து, கல்யாணம் ஆயி, புள்ளைங்க பொறந்து, அவுங்க அந்தக் கதைய மறந்தே போயிட்டாங்க. நல்ல நாள்ல வரும்போது, "அந்தாளு இப்ப குண்டாயிட்டானாமே" ன்னு சிரிப்பாங்க. பெரியப்பாதான் மறக்கல. இனிமே நம்ம வூட்டு ஆளு எவரும் அந்த வூட்டு வாசப்படி மிதிக்கக்கூடாதுன்னுட்டாரு. கட்டிக்கிட்டு வந்த எங்கம்மாவும் நம்ம வூட்டு ஆளுதானே.

ஆனா மருந்துன்னு வந்தா அது வேற. புள்ளைக்கு மருந்து வேணாம்னு சொல்ற மனுசன் இல்ல எங்க பெரியப்பா. எங்கம்மாவோட அப்பா வூட்டு கெணத்தோரம் ஆடாதோடை இருந்துச்சி. அத பறிச்சி, நடு நரம்ப கிள்ளிப்போட்டு, மொளகு தட்டிப்போட்டு காச்சி, தேன் கலந்து குடுப்பா. குடிச்சா கொஞ்ச நாள்ல சளி எளகி வந்துடும். அதனால வருசத்துல ஒரு தடவ, என் இருமலு சாக்குல, எங்கம்மா பொறந்த வூட்டுக்கு போவா. பெரியம்மா ஒருக்கா கேட்டாங்க, "ஏன், ஒரு கட்டு ஒணத்தி எடுத்தாந்து வெச்சிக்கிட்டா என்ன?" எங்கம்மா, "ஒணத்துனா காரம் போயிடுங்க்கா, பச்சையா பறிச்ச ஒடனே காச்சணும்" ன்னா. பெரியம்மா தலைய ஆட்டிக்கிட்டு போயிட்டாங்க. பெரியம்மாவுக்கும் பொறந்த வூடு ஒன்னு இருந்துச்சில்ல.

தாத்தாவுக்கு, அதான் எங்கம்மாவோட அப்பாவுக்கு, ரெண்டு கண்ணுலயும் பூ விழுந்துடுச்சி. ஒன்னும் தெரியாது. நாங்க பஸ்ஸ விட்டு எறங்கி சந்துல நடந்து வரும்போதே என் இருமலு முன்னாடி போயிடும். அத கேட்டுட்டு அவரு கட்டில விட்டு எந்திரிச்சி நின்னுக்குவாரு. "எம்மவ வந்துட்டா, ஒல வையி" ன்னு மாமன் பொண்டாட்டிக்கு சத்தம் குடுப்பாரு. அங்க நான் கசப்ப குடிச்சிக்கிட்டு, தேன நக்கிக்கிட்டு திரிவேன். எங்கம்மா அவருக்கு நகம் வெட்டுவா, எண்ண தேச்சி தண்ணி ஊத்துவா, அழுக்கு வேட்டிங்கள மூட்ட கட்டி கெணத்துல கொண்டுபோயி தொவைப்பா. நாள் பூரா வேல. எங்க வூட்டுல செய்யறத விட கூட வேல. இதுக்கா இவ்ளோ தூரம் வராங்கன்னு நெனச்சிக்குவேன்.

நான் சொல்ல வந்த வருசம் மழ லேட்டு. கார்த்தி பொறந்தும் வானம் வெறிச்சின்னு கெடந்துச்சி. எனக்கும் இருமலு வரல. ஏரியூரு சந்தைக்கு மாடு வாங்க கடத்தூருப் பக்கத்துலருந்து வந்த ஒருத்தரு எங்கம்மாவ பாத்துட்டு சொல்லியிருக்காரு, உங்கப்பா கீழ வுழுந்து படுக்கையில கெடக்கறாரு, கஞ்சி கூட சரியா எறங்கலன்னு. எங்கம்மா வூட்டுக்கு வந்தா. களி கிண்டுனா, மாட்டுக்கு தண்ணி காட்டுனா. என்ன கூப்புட்டு முதுகுல காத வெச்சிப் பாத்தா.

அப்பறம் தெனமும் அப்படித்தான். காலையில எந்திரிச்சதும் முதுகுல காது. சாயந்தரம் காட்டுலருந்து வந்தா முதுகுல காது. நம்ம மேல இவ்ளோ ஆசையான்னு எனக்கு ஒரே பெரும. நேரா நிமுந்து நின்னு காட்டுவேன்.

மழ வந்துச்சி. மூனா நாளு எனக்கு தொண்டையில கொதக்குன்னுச்சி. எங்கம்மா அடுப்படியிலருந்து எட்டிப் பாத்தா. மொகத்துல என்னான்னு சொல்றது, வெதச்சிட்டு காத்துக்கெடந்தவங்க மொத மழைய பாக்கற மாதிரி ஒரு மொகம். ஒடனே மாத்துச் சேலைய மடிச்சி மஞ்சப்பையில வெக்க ஆரம்பிச்சிட்டா.

அந்த நேரம் பாத்து ஆட்டுக்காரரு வாயத் தொறந்தாரு.

நெலக்கடல புடுங்குன காட்டுல எருவுக்காவ ஆட்டுப்பட்டி போடுவோம். வருசா வருசம் ஒரு ஆட்டுக்காரரு வருவாரு, கன்னடம் பேசறவரு. எரநூறு முந்நூறு ஆடு ஓட்டிக்கிட்டு வருவாரு. அதுங்க வேலியில இருக்கற முள்ளு, கொடி எல்லாத்தயும் மேஞ்சிடும். ஒரே ஒரு செடிய மட்டும் மோந்து பாத்துட்டு தள்ளிப் போவும். கரும்பச்சையா நீட்டு எல, வெள்ளப் பூவு. ஆடு தொடாதுங்கறதுக்காவத்தான் அத வேலியில வெச்சிருந்தாங்க, எங்க காட்டச் சுத்தி அதேதான். அதுக்கு ஒரு பேரு உண்டுன்னு எங்க வூட்டுல யாரும் யோசிச்சதில்ல. வேலிச்செடி, அவ்ளோதான்.

கூலிப் பேச்சு பேச வூட்டு வாசலுக்கு வந்த ஆட்டுக்காரரு என் இருமல கேட்டாரு. பெரியப்பா சொன்னாரு, பையன கடத்தூருக்கு அனுப்பறோம், அங்க ஒரு எல இருக்குதுன்னு. என்ன எலன்னு அவரு கேக்க, எங்கம்மா வாயில கேட்ட அடையாளத்த பெரியம்மா சொன்னாங்க. ஆட்டுக்காரரு சிரிச்சாரு.

"ஏண்ணா, அது ஆடாதோடை இல்லியா? உங்க வேலி பூரா அதேதானே நிக்குது. எங்க பாஷையில இருமல கெம்முன்னு சொல்லுவோம். எங்க புள்ளைங்களுக்கு கெம்மு வந்தா இதத்தான் காச்சி ஊத்துவோம். பஸ்ஸுக்கு எதுக்கு காச தண்டம் பண்றீங்க?"

நல்ல மனுசன். நம்ம நல்லதுக்குத்தான் சொன்னாரு. ரெண்டு கெளைய ஒடிச்சிக்கிட்டு வந்து வாசல்ல போட்டுட்டும் போனாரு.

பெரியப்பா ஒரு எலைய கிள்ளி வாயில போட்டு மென்னு துப்புனாரு. "கசக்குது. டே, நீ மெல்லு." நான் மென்னேன். அதே கசப்பு. தேன் மட்டும் இல்ல. என் மூஞ்சி கோணுனத பாத்துட்டு, "அதான்டா இது" ன்னுட்டாரு. எங்கம்மா மஞ்சப்பைய கையில வெச்சிக்கிட்டு நின்னா. "இது அது இல்லீங்க்கா. அது வேற மாதிரி இருக்கும்" ன்னு பெரியம்மாவ பாத்து சொன்னா. கொரலு அவளுக்கே கேட்டுருக்காது.

"வேறயோ அதேயோ, குடிச்சிப் பாத்தா தெரியுது. இதுல போவலன்னா கூட்டிக்கிட்டு போவட்டும்" ன்னாரு பெரியப்பா.

எங்கப்பா மாட்டுக்கொட்டாயில சாணி வாரிக்கிட்டு இருந்தாரு. தலைய தூக்கி ஒருக்கா பாத்தாரு. "செரிங்கண்ணா" ன்னாரு. மறுபடியும் சாணிய வாருனாரு.

எங்கம்மா பைய கொண்டுபோயி ஆணியில மாட்டுனா. அந்த எலையத்தான் நரம்பு கிள்ளி, மொளகு தட்டி காச்சினா. ஒரு சொட்டு கீழ ஊத்தல, ஒரு வேள தவறல. அந்த நாளுங்கள்ல அவ மனசுல என்ன ஓடிச்சோ, புள்ளைக்கு நல்லாவணும்னும் இருந்திருக்கும், நல்லாயிடக்கூடாதுன்னும் இருந்திருக்கும். ரெண்டயும் ஒரே சட்டியில வெச்சித்தான் காச்சினா பாவம்.

வெசாரண பெரியப்பாவுது. காலையில எந்திரிச்சி பல்லு வெளக்குனதும் என்ன கொட்டாய்க்கு முன்னாடி நிக்க வெப்பாரு.

"டே, இருமு பாக்கலாம்."

நான் இருமுவேன்.

"நல்லா அடிலருந்து இருமு. துப்பு."

துப்புவேன். குனிஞ்சி, மாடு வாங்கறவரு பல்லப் பாக்கற மாதிரி பாப்பாரு. "எளகியிருக்குது" ன்னு சொல்லிட்டு போவாரு. எங்கப்பாவும் வந்து பாப்பாரு, "நேத்திக்கு இருந்தாப்லதான் இருக்குதுங்கண்ணா" ன்னுவாரு. ஒரு சளிய ரெண்டு பெரிய மனுசங்க ரெண்டு விதமா பாத்தாங்க. நான் மூனாவதா குனிஞ்சி பாப்பேன். எனக்கு ஒன்னும் தெரியாது.

இருமலு ஏறத்தான் செஞ்சிது. ஏறற காலத்துல அது ஏறும், எறங்கற காலத்துல எறங்கும்னு அந்த டாக்டரு பொண்ணு இப்ப சொல்லுது. அப்ப யாரு கண்டா. ஒரு நாளு காலையில, இருமு பாக்கலாம்னு பெரியப்பா குனிஞ்சாரு, அடிலருந்து வந்த இருமல்ல குடிச்ச கஷாயம், சளி, ராத்திரி தின்ன களி எல்லாம் சேந்து அவரு துண்டு மேலயே வந்துடுச்சி. பெரியம்மா சிரிப்ப அடக்க மொறத்த மூஞ்சிக்கு மறைச்சிக்கிட்டாங்க.

எங்கப்பா துண்ட வாங்கி தொடச்சிக்கிட்டே மெதுவா சொன்னாரு. "அண்ணா, நம்ம மண்ணுல அது சத்தில்லாம வளந்துருக்குதுங்க. அங்க கெணத்து தண்ணி பாயிற எடம். எல ஒன்னுதான், ஆனா அந்த மண்ணு எலதான் இவனுக்கு கேக்குது போலருக்குதுங்க."

எங்கப்பா பெரியப்பா முன்னாடி அவ்ளோ நீளமா பேசி நான் கேட்டதே இல்ல. பெரியப்பாவும் கேட்டிருக்க மாட்டாரு. "கூட்டிக்கிட்டுப் போயி தொலைங்க" ன்னுட்டு கெணத்துக்கு குளிக்க போயிட்டாரு.

எங்கப்பா வண்டி பூட்டி ஏரியூருல கொண்டாந்து விட்டாரு. அங்கருந்து பென்னாகரம், தருமபுரி, அப்பறம் கடத்தூரு. பஸ்ஸுங்க அப்ப கம்மி, ஒவ்வொரு எடத்துலயும் குந்திக் கெடக்கணும். எங்கம்மா மடியில தலைய வெச்சி தூங்குனேன். நல்ல தூக்கம். பொக இல்ல, காத்து அடிச்சிக்கிட்டே வந்துச்சி. தருமபுரி வரும்போது இருமலு கொறஞ்சி போச்சி. கடத்தூருல எறங்கி நடக்கும்போது, தொண்டையில ஒன்னுமே இல்ல. நான் குதிச்சிக்கிட்டு முன்னாடி ஓடுனேன். எங்கம்மா நின்னுட்டா.

"எங்கடா இருமல காணோம்?"

"போயிடுச்சிம்மா."

நல்லா போச்சின்னா பெத்தவளுக்கு சந்தோசமாத்தானே இருக்கணும். அவ நெத்தியில கைய வெச்சிக்கிட்டு ரோட்டோரமா கொஞ்ச நேரம் நின்னா.

வூட்டுக்குள்ள தாத்தா கட்டில்ல செவுத்த பாத்துக்கிட்டு படுத்திருந்தாரு. மாமா, மாமன் பொண்டாட்டி ரெண்டு பேரும் கட்டில் கிட்ட நின்னாங்க. மாமா எங்கம்மாகிட்ட மெதுவா சொன்னாரு. "எதுவும் எறங்க மாட்டேங்குதுக்கா. ஒம்பேர சொல்லி சொல்லித்தான் ரெண்டு வாய் ஊத்துனோம். இதோ உம்மவ வந்துட்டா, குடின்னு. ஒரு நாளு ரெண்டு நாளு நம்புனாரு. இப்ப யாரு பேசுனாலும் திரும்பறதில்ல."

எங்கம்மா குனிஞ்சி, "அப்பா, நாந்தான் வந்துருக்கறேன்" ன்னா. அவரு திரும்பல. "அப்பா." செவுத்த பாத்து சொன்னாரு, "கஞ்சி வேணாம்மா. போ. அவ வரமாட்டா, எனக்கு தெரியும்." மருமகதான் கஞ்சிக்காவ கொரல மாத்தி பேசுதுன்னு நெனச்சிட்டாரு. எங்கம்மா அவர தொட்டுப் பேசுனா. கைய தட்டி விட்டாரு.

எங்கம்மா என்ன இழுத்து கட்டில் கிட்ட நிறுத்துனா. காதுல சொன்னா.

"இருமுடா சாமி."

நான் முழிச்சேன். "வரலம்மா."

"ஒருக்கா இருமுடா. தாத்தாவுக்கு கேக்கறாப்புல."

வேணும்னு இருமுனா எப்படி வரும்? கொக் கொக்குன்னு கோழி மாதிரி ஒரு சத்தம் போட்டேன். தாத்தா செவுத்துகிட்டயே கேட்டாரு, "இது யாரு வூட்டுப் பையன்? எம்பேரனுது இந்த இருமலு இல்ல. அவனுக்கு உள்ளருந்து வரும்."

மாமாவுக்கு சிரிப்பு தாங்கல. அவரு வாய பொத்திக்கிட்டு குலுங்குனத பாத்து எனக்கும் சிரிப்பு வந்துடுச்சி. சிரிச்சேன், சிரிச்சேன், அந்த சிரிப்புல மிச்சம் இருந்த சளி எங்கியோ அடியிலருந்து கெளம்பி, கொதக் கொதக்குன்னு ஒரு இருமலு வந்துச்சி பாரு. அதுதான் அந்த வருசத்துக்கு கடைசி இருமலு. மூச்சு வாங்கி நான் நிமுந்தப்ப தாத்தா இந்தப் பக்கம் திரும்பியிருந்தாரு. கையி காத்துல தேடுச்சி.

"வந்துட்டீங்களா? ஏம்மா இவ்ளோ நாளு? பையனுக்கு எல பறிச்சியா?"

எங்கம்மா அந்த கைய புடிச்சி தன் தலை மேல வெச்சிக்கிட்டா. கஞ்சிய அவதான் ஊட்டுனா, முழுசும் குடிச்சாரு. அந்த தடவ நாங்க அங்க இருந்த வரைக்கும் ஒரு எல கூட பறிக்கல. கெணத்தோரம் அந்தச் செடி பாட்டுக்கு பூத்துக்கிட்டு நின்னுச்சி. கசப்பு இல்லாத வருசமாச்சேன்னு நானும் வாயத் தொறக்கல, கேட்டா குடுத்துடுவாங்களோன்னு பயம்.

தாத்தா எந்திரிச்சி ஒக்கார ஆரம்பிச்சப்பறம் திரும்பி வந்தோம். பெரியப்பா வாசல்லயே நின்னாரு.

"டே, இருமு பாக்கலாம்."

இருமிப் பாத்தேன். ஒன்னும் வரல.

"எத்தன வேளடா குடிச்ச?"

நான் நெசத்த சொல்லத்தான் வாயத் தொறந்தேன். அதுக்குள்ள எங்கப்பா சத்தம் போட்டாரு. "டே, கன்னுக்குட்டி அவுத்துக்கிட்டு ஓடுது பாரு, போயி புடி." ஓடுனேன். கன்னுக்குட்டி கட்டுன கட்டுலயே நின்னு அச போட்டுக்கிட்டு இருந்துச்சி. எங்கப்பாவுக்கும் கண்ணுல பூ விழ ஆரம்பிச்சிடுச்சா என்னமோன்னு எனக்கு கவலையா போச்சி. நான் திரும்பி வந்தப்ப, "பாத்தீங்களாண்ணா, மண்ணுதான்" ன்னு எங்கப்பா சொல்லிக்கிட்டு இருந்தாரு. பெரியப்பா தலைய ஆட்டிக்கிட்டு இருந்தாரு.

அன்னையிலருந்து பெரியப்பாவே அதுக்கு சாட்சி ஆயிட்டாரு. யாரு வூட்டுல புள்ள இருமுனாலும், "கடத்தூரு மண்ணு எலதான் கேக்கும். எங்க வூட்டுலயே பாத்துட்டோம்" னு சொல்லுவாரு. அவரு பாத்தது நெசந்தான். இங்க குடிச்சேன், போவல. அங்க போனேன், போயிடுச்சி. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? அங்க நான் குடிக்கவே இல்லங்கறது எங்கம்மாவுக்கு தெரியும், எனக்கு தெரியும். இங்க குடிச்சதுதான் மெதுவா வேல செஞ்சிதோ, பொகைய விட்டு போனதாலயோ, போற நாளு வந்து அதுவே போச்சோ. இன்னிக்கு வரைக்கும் எனக்கு தெரியாது. டாக்டரு பொண்ணுக்கும் தெரியாதுன்னுதான் நெனைக்கறேன். அது அத ஒத்துக்கிச்சி, அதான் வித்தியாசம்.

மறு ஆடியில ஒரு மழ பேஞ்சி காடு பதமாச்சி. ஊரே ஏர் ஓட்டிக்கிட்டு இருக்குது. எங்கப்பா ஏர பெரியப்பாகிட்ட விட்டுட்டு, கடப்பாறையும் மம்முட்டியும் எடுத்துக்கிட்டு வேலிக்கு போனாரு. அந்த ஆடாதோடைச் செடிங்கள ஒன்னொன்னா வேரோட தோண்டி எடுத்து போட்டாரு. வருசக்கணக்கா நின்ன செடி, வேரு கயிறு கயிறா போயிருந்துச்சி. சட்ட இல்லாம, முதுவுல வேர்வ ஓட, நாள் பூரா தோண்டுனாரு. பெரியப்பா ஏர நிறுத்திட்டு வந்து கத்துனாரு.

"பைத்தியமாடா ஒனக்கு? ஏர் ஓட்டற நாள்ல நல்ல வேலிய எதுக்கு புடுங்கற?"

"ஒன்னுத்துக்கும் ஒதவாத செடிங்கண்ணா. மருந்துக்கு கூட ஆவல. கிளுவ நட்டுடலாம்."

நட்டாரு. கிளுவ முள்ளு துளிருனதும் ஊரு ஆடுங்க வந்து மேஞ்சிட்டு போச்சிங்க, தடுக்க ஒன்னும் இல்ல. கார்த்திக்கு பட்டி போட வந்த ஆட்டுக்காரரு வேலிய பாத்துட்டு தலையில கைய வெச்சிக்கிட்டாரு. "அண்ணா, நல்லா இருந்துச்சே" ன்னாரு. எங்கப்பா அவருக்கு வெத்தல குடுத்து வேற பேச்சு பேசுனாரு.

எனக்கு இருமலு வந்துச்சி. இந்த தடவ யாரும் எலைய தேடி வேலிக்கு போவல, அங்க என்ன இருக்குது போறதுக்கு. எங்கம்மா பைய எடுத்தா, எங்கப்பா வண்டி பூட்டுனாரு. நான் பின்பக்கம் ஒக்காந்து கால தொங்கப்போட்டுக்கிட்டு வந்தேன். வண்டி வேலியோரமாவே போச்சி. செடி புடுங்குன குழிங்க சரியா மூடல, மழத்தண்ணி நின்னு வரிசையா மின்னுச்சி. எங்கம்மா தலைய திருப்பி அந்த குழிங்களயே பாத்துக்கிட்டு வந்தா, காடு மறையற வரைக்கும் பாத்தா. அப்பறம் எங்கப்பா முதுவ பாத்தா. அவரு மாட்ட தட்டி ஓட்டிக்கிட்டு இருந்தாரு, திரும்பல.

எனக்கு அவரு மேல பரிதாபமா இருந்துச்சி. ஊர்ல எல்லாரும் சொல்றது செரிதான், பெரியப்பா இல்லன்னா எங்கப்பாவுக்கு வெவசாயமே தெரியாதுன்னு நெனச்சிக்கிட்டு, இருமிக்கிட்டே போனேன்.